கடைசியிலிருந்து மூன்றாவது பெஞ்சு

ஜூலை 8, செவ்வாய்

மைக் வாத்தியார் வந்து என் பிராணனை வாங்கிவிட்டுப் போனார். எங்கள் ஊர் மாதா கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவர். கையில் மைக் கிடைத்தால் திருப்பித் தர மாட்டார் என்று அம்மா வைத்த பெயர் இது. கோயிலுக்கு நூற்றைம்பது வயதாகிறதாம். மலர் போடுகிறார்களாம். அதில் கோயிலின் வரலாறும் கட்டட அமைப்பும் எழுதி, படமும் வரைந்து தரவேண்டியது நானாம்.

"பொதுப்பணி ஆபீஸ்ல காலம் பூரா ப்ளான் வரைஞ்சவங்க நீங்க. உங்களுக்கு இதெல்லாம் ஊதித் தள்ற வேலை."

ஓய்வு பெற்றவள் என்றால் சும்மா கிடப்பவள் என்று இவர்களுக்கு யார் சொன்னது? மாதிரிக்கு என்று பழைய மலரிலிருந்து ஒரு பக்கம் கொடுத்தார். "விண்ணை முட்டும் மணிக்கூண்டு" என்று ஆரம்பிக்கிறது. எதிரே இருக்கிற வங்கியின் மொட்டை மாடி அதைவிட உயரம். பக்கம் முழுக்கப் பெருமை. சுவர் எவ்வளவு தடிமன், கூரை எந்த மரம், யார் கட்டினார்கள் – மூச்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

ஜூலை 10, வியாழன்

அளக்கப் போனேன். டேப்பின் மறுமுனையைக் கோயில்பிள்ளை பிடித்துக்கொண்டார். மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, கோயிலைப் பூட்டுவது எல்லாம் அவர்தான். பிடித்துக்கொண்டார் என்று எழுதுவது மரியாதைக்காக. போன் அடிக்கும்போதெல்லாம் விட்டுவிட்டுப் பேசப் போய்விடுகிறார். டேப் சுருண்டு வந்து என் விரலில் அடிக்கிறது.

இந்தக் கோயிலில் எதுவுமே இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. எல்லாக் கோயிலிலும் வாசலில் படி ஏறுவார்கள். இங்கே வாசலைத் தாண்டியதும் உள்ளே படி இறங்க வேண்டும். தெரியாதவர்கள் விழுவார்கள். பாடகர் மாடம் வாசலுக்கு மேலே இருக்க வேண்டியது, பீடத்துக்கு மேலே இருக்கிறது. பூசை செய்யும் ஃபாதரின் தலைக்கு மேல் நின்றுதான் மைக் வாத்தியார் பாடுகிறார். மணிக்கயிறு பீடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் ஓட்டை வழியாக இறங்குகிறது. பூசை நடுவில் கோயில்பிள்ளை ஃபாதரை உரசிக்கொண்டு போய் இழுக்கிறார். வாசலருகே இருக்க வேண்டிய ஞானஸ்நானத் தொட்டி பீடத்தடியில் கிடக்கிறது. வாசல் பக்கத்துச் சுவரோ அரைவட்டம், அதன்மேல் கவிழ்த்த சட்டியில் பாதி மாதிரி ஒரு கூரை. வளைந்த சுவரை வெட்டி நேரான கதவை மாட்டியிருக்கிறார்கள். மழைக்கு ஒழுகாமல் என்ன செய்யும்?

ஏன் இப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். "படி இறங்குறது தாழ்ச்சிக்கு" என்றார் கோயில்பிள்ளை. "தலை குனிஞ்சுதான் சாமிகிட்ட போகணும்." சென்ற மழைக்காலத்தில் வங்கி மேனேஜருக்குத் தாழ்ச்சி அதிகமாகி முட்டி விலகியது.

ஜூலை 13, ஞாயிறு

மானம் போயிற்று.

வாசகம் நான்தான் படிக்க வேண்டும் என்பதால் முன் பெஞ்சில் இருந்தேன். அம்மா எப்போதும்போல கடைசியிலிருந்து மூன்றாவது பெஞ்சில், நடைபாதை ஓரம். கல்யாணமான நாளிலிருந்து அவள் இடம் அது. ஃபாதர் ஜெபத்தை முடித்தார், எல்லோரும் ஆமென் சொல்லி முடித்தோம், கோயில் அமைதியானது. அப்புறம் அம்மாவின் குரல் மட்டும் தனியாக, கணீரென்று – ஆமென். பிள்ளைகள் சிரித்தன. அடுத்த ஜெபத்துக்கும் அதே கதை. மாடத்திலிருந்து மைக் வாத்தியார் எட்டிப் பார்த்தார்.

கொஞ்ச நாளாகவே இப்படித்தான். இன்று ரொம்ப மோசம். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"ரெண்டு சாமியார் பேசறாங்க" என்றாள். "ஒருத்தர் முன்னாடி. ஒருத்தர் என் முதுகுக்குப் பின்னாடி. அவரும் முடிக்கட்டும்னு இருந்தேன். அவரை மட்டும் எப்படி விட்டுட்றது?"

அம்மா, பின்னாடி யாரும் இல்லம்மா. வெறும் சுவர்தாம்மா இருக்கு.

"இருக்காரு. அவர் குரல் கொஞ்சம் கரகரப்பு."

எனக்குப் பயம் வந்துவிட்டது. பயந்ததும் என்ன செய்தேன்? கத்தினேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஜூலை 14, திங்கள்

தம்பியிடம் போனில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஜூலை 20, ஞாயிறு

அம்மா கோயிலுக்கு வரவில்லை. காய்ச்சலில்கூடப் போவாள். எனக்குத் தெரிந்து வீட்டிலிருந்த முதல் ஞாயிறு இதுதான். "பிள்ளைங்க சிரிக்குதுங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

ஜூலை 22, செவ்வாய்

தம்பி லீவு போட்டுவிட்டு வந்தான். வந்ததும் வராததுமாக ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தான். அதில் செருப்பு ஏதாவது இருக்குமென்று நினைத்தான் போல. அப்புறம் அம்மாவின் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டான்.

"அம்மா, இன்னிக்கு என்ன கிழமை?"

"நீ வேலைக்குப் போகாத கிழமை."

"நான் யாரு?"

"அதை உன் பொண்டாட்டிகிட்ட கேளு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. கொல்லைப்பக்கம் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னான். நகரத்தில் மூளை நரம்பு டாக்டர் ஒருவர் இருக்கிறாராம், ஆகஸ்ட் இருபத்தொன்றுக்கு நேரம் வாங்கிவிட்டானாம். அதற்கு முந்தின ஞாயிறு காரில் வந்து கூட்டிக்கொண்டு போவானாம். அப்புறம் அவன் வீட்டிலேயே வைத்துக்கொள்வானாம்.

"ஒருநாள் பார்த்துட்டுத் திரும்பிடலாமேடா."

"அக்கா, இல்லாத ஆள் பேசறது கேக்குதுன்னா அது சாதாரண விஷயமில்ல. நாளைக்கு அந்த ஆள் கூப்பிடறாருன்னு ரோட்டுக்குப் போயிட்டா? நீ ஒருத்தி எத்தனை நேரம் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உக்காந்திருப்பே?"

அவன் சொல்வதில் தப்பு இல்லை. அதுதான் எரிச்சல். அவன் வீடு ஒன்பதாவது மாடி, இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். அம்மா அங்கே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதையும் நினைத்துப் பார்த்தேன். எனக்கு அம்மாவை விட்டால் சண்டை போட யார் இருக்கிறார்கள்?

போகும் வழியில் கோயிலுக்குள் போய் ஸ்பீக்கர்களைப் பார்த்துவிட்டுப் போனான். அப்பா நினைவாக ஈஸ்டருக்கு அவன் வாங்கிக் கொடுத்தவை. பீடத்தின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. அவற்றில் அப்பா பெயரைவிடப் பெரிதாக அவன் பெயரை எழுதியிருக்கிறார்கள்.

ஜூலை 25, வெள்ளி

"எவ்வளவு தூரம் வந்திருக்கு?" – மைக் வாத்தியார். கோயிலா, என் பொறுமையா?

ஜூலை 29, செவ்வாய்

இன்னும் தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

சாப்பாட்டு மேஜையில் படத்தை விரித்து மையில் வரைந்துகொண்டிருந்தேன். வாசல் கீழே, பீடம் மேலே. எத்தனை முறை பார்த்தாலும் அந்தப் படம் என் கண்ணை உறுத்துகிறது. எல்லாக் கோடும் சரி, அளவும் சரி. ஆனாலும் சட்டையைத் திருப்பிப் போட்டவன் எதிரே நிற்கிற மாதிரி ஏதோ ஒன்று. அம்மா டீயைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்த இடம் மணிக்கூண்டின் மேல். கொட்டிவிடப் போகிறதே என்று தாளை அவசரமாக இழுத்ததில் அது தலைகீழாகத் திரும்பிவிட்டது.

தலைகீழாகப் பார்த்தால் கோயில் சரியாக இருக்கிறது.

வாசல் என்று நாம் சொல்கிற அரைவட்டச் சுவர்தான் பீடம் இருந்த இடம். விழுந்து வைக்கிற படிகள் பீடத்துப் படிகள். மாடம் வாசலுக்கு மேலே வந்துவிட்டது, தொட்டி வாசலருகே வந்துவிட்டது, மணிக்கயிறு யாரையும் உரசாமல் வாசல் மூலையில் இறங்குகிறது. கோயிலைக் கட்டினவர்கள் ஒழுங்காகத்தான் கட்டியிருக்கிறார்கள். பிறகு எவரோ முன்னைப் பின்னாக்கிவிட்டார்கள். நாம் எல்லோரும் சாமி முகத்தில் நுழைந்து சாமி முதுகைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஜூலை 30, புதன்

காலையில் போய்ப் பீடத்துக்குப் பின்னாலிருக்கும் பலகைத் தட்டியை நகர்த்தச் சொன்னேன். கோயில்பிள்ளை முனகிக்கொண்டே நகர்த்தினார். இருக்கிறது. ஆள் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக் கதவு. பூட்டி, ஆணியடித்து, மேலே சுண்ணாம்பும் அடித்திருக்கிறார்கள். திறந்தால் ஆற்றுத் துறைக்குப் போகும் பழைய தடம். சனங்கள் படகில் வந்த காலத்து வாசல்.

ஓடி வந்தேன். என் வயதுக்கு அது ஓட்டம்தான். அம்மாவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன், அம்மா, நம்ம கோயிலை யாரோ திருப்பி வச்சிருக்காங்கன்னு.

"ஆமா" என்றாள். "பஸ் ரோடு அந்தப் பக்கம் வந்தப்போ திருப்பினாங்க. பஸ்ல போறவன் பார்த்தா கோயில் முதுகு தெரியுதேன்னு பெரியவங்களுக்கு வெக்கமாப் போச்சாம். நான் அப்போ சின்னப் பிள்ளை. எங்கப்பாவும் சேர்ந்துதான் பீடத்தைத் தூக்கினார். இடுப்பு பிடிச்சுக்கிட்டு ஒரு வாரம் படுத்துட்டார்."



"ஏம்மா இதை முன்னாடியே சொல்லல? மூணு வாரமா டேப்பைப் பிடிச்சுக்கிட்டு அலையறேன்."

"நீ கேக்கவே இல்லியே. நீபாட்டுக்கு அளந்துக்கிட்டு இருந்தே. உனக்கு அது பிடிச்சிருக்குபோலன்னு விட்டுட்டேன்."

தலையில் அடித்துக்கொள்வதா, சிரிப்பதா? சாலை பின்பக்கம் வந்தால் பக்கக் கதவில் ஒன்றை வாசலாக்கிக்கொள்வது உலக வழக்கம். நம் ஆட்கள் சாமியையே தூக்கித் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

இதில் இன்னொன்று. அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தி நடந்ததை இடுப்புவலி உட்பட ஞாபகம் வைத்திருக்கிறாள் இவள். இவளுக்கா மூளை நரம்பு டாக்டர்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதற்றத்தில் எழுதுகிறேன், வரிசையாக வருமா தெரியவில்லை.

அம்மா இன்றும் வரமாட்டேன் என்றாள். அவளோடு மல்லுக்கட்டியதில் எனக்குத் தாமதமாகிவிட்டது. இன்று வாசகம் என்னுடையது இல்லை, நல்லவேளை. கோயில் நிறைந்திருந்தது. காலியாக இருந்தது ஒரே இடம், கடைசியிலிருந்து மூன்றாவது பெஞ்சின் ஓரம். அம்மா இல்லாவிட்டாலும் அதில் யாரும் உட்காரமாட்டார்கள். நான் உட்கார்ந்தேன்.

ஃபாதர் ஆரம்பித்தார். ஒரு வாக்கியம் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. அது முடிவதற்குள் என் முதுகுக்குப் பின்னால் அதே வாக்கியத்தை இன்னொருவர் சொன்னார். கொஞ்சம் கரகரப்பான குரலில்.

திரும்பிப் பார்த்தேன். வெறும் சுவர். அரைவட்டச் சுவரும் பாதிச் சட்டிக் கூரையும்.

பெஞ்சில் ஒரு ஆள் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். ஒரே குரல்தான். மறுபடி ஓரத்துக்கு வந்தேன். இரண்டு. பக்கத்திலிருந்தவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். தம்பி கொடுத்த ஸ்பீக்கர் சத்தத்தை நேராகக் கொண்டுபோய் அந்தச் சுவரில் எறிகிறது. பீடத்தில் நிற்பவர் குரலைச் சேர்த்துச் சனங்களுக்கு அனுப்புவதற்காகக் கட்டின சுவர் அது. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. சேர்த்து அனுப்புகிற இடம் சரியாக அம்மாவின் தலை.

ஈஸ்டருக்கு அப்புறம்தான் அம்மா பிந்தத் தொடங்கினாள். இதுகூடவா எனக்குத் தோன்றவில்லை? காது கேட்கிறவள் அவள் ஒருத்திதான். நாங்கள் எல்லோரும் அவளுக்குத்தான் காது கேட்கவில்லை, புத்தி பேதலித்துவிட்டது என்று –

அழுதேன். பிரசங்கத்தில் உருகிவிட்டேன் என்று ஃபாதர் நினைத்திருப்பார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

தம்பிக்கு விளக்கினேன். சுவர், வளைவு, எதிரொலி, எல்லாம். கடைசியில் சொல்கிறான்: "அப்போ அப்பா பேர்ல நான் குடுத்த ஸ்பீக்கரைக் குத்தம் சொல்றே." அவனுக்கு அதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. "டாக்டர் பார்க்கட்டும்க்கா. ஒண்ணுமில்லேன்னா ஒண்ணுமில்லேன்னு சொல்லட்டும்." கார் வருமாம்.

ஃபாதரிடம் போனேன். சின்ன வயசுக்காரர், பொறுமையாகத்தான் கேட்டார். "அம்மாவை ரெண்டு பெஞ்சு முன்னாடி உக்காரச் சொல்லுங்களேன் அக்கா."

அம்மாவிடம் வந்து சொன்னேன்.

"நான் எதுக்கு மாறணும்? சாமியார் மாறட்டும்."

ஸ்பீக்கரை நிறுத்தலாமே என்று மைக் வாத்தியாரிடம் கேட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நானே நிறுத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

படத்தில் பாக்கி இருந்தது மாடம் மட்டும்தான். ஏறினேன். உத்திரம் எவ்வளவு தடிமன் என்று பார்க்க, சுவரில் சொருகியிருக்கும் முனையில் பென்சிலை வைத்தேன். பென்சில் உள்ளே போய்விட்டது. தள்ளவே இல்லை. தானாகப் போயிற்று. மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கிறது, உள்ளே கரையான் தின்று வைத்திருக்கிறது. இதன்மேல் ஞாயிறுதோறும் மைக் வாத்தியார் ஆளும் பேருமாக ஏறி நின்று பாடுகிறார். இதன்கீழ் ஃபாதர் நிற்கிறார்.

இறங்கும்போது மூச்சுவிடக்கூடப் பயமாக இருந்தது. ஃபாதரிடம் சொன்னதும் அவரும் பென்சிலோடு வந்து பார்த்தார். அவர் பென்சிலும் உள்ளே போயிற்று.

ஆகஸ்ட் 9, சனி

என் பழைய ஆபீஸிலிருந்து இன்ஜினியர் வந்து பார்த்தார். மாடத்தில் யாரும் ஏறக் கூடாது, கீழே யாரும் நிற்கக் கூடாது, பீடத்தை அங்கிருந்து எடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கே வைப்பது என்று சொல்லவில்லை. அது அவர் வேலை இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கோயில் நிர்வாகம் பார்க்கிற பங்குப் பேரவையின் கூட்டம். இத்தனை வருஷ ஆபீஸ் வாழ்க்கையில் இவ்வளவு கூச்சல் நான் கேட்டதில்லை. முற்றத்தில் பந்தல் போடலாம் என்றது ஒரு கட்சி. மழை வந்தால் யார் பொறுப்பு என்றது இன்னொரு கட்சி. பள்ளிக்கூட ஹாலைக் கேட்கலாம் என்றார் ஒருவர். "அங்க ஃபேன் கிடையாது" என்பதற்காகவே அது விழுந்தது.

நான் படத்தை மேஜையில் விரித்தேன். அப்புறம் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். பீடத்தை அரைவட்டச் சுவர்ப் பக்கம், அது இருந்த படிமேலேயே வைக்கலாம். பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டால் போதும். சனங்கள் பக்கக் கதவுகள் வழியாக வரட்டும்.

"அப்போ பஸ் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டா பூசை பண்றது?" என்று எழுந்தார் மைக் வாத்தியார்.

"பஸ்ஸுக்கா பூசை?" என்று கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

உத்திரம் மாற்றி முடியும்வரைக்கும், தற்காலிகமாக மட்டும் என்று ஃபாதர் முடிவு சொன்னார். ஸ்பீக்கர் வயர் அந்தப் பக்கம் எட்டாது என்று கோயில்பிள்ளை சொன்னார். யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

பெஞ்சு திருப்பினார்கள். அம்மா காலையிலேயே போய்த் தன் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். தூக்கினவர்கள் அதை நாலு பெஞ்சு தள்ளிக் கொண்டுபோகப் பார்த்தார்கள். "இருந்த இடத்துலயே வை. மூஞ்சியை மட்டும் திருப்பு." வைத்தார்கள். அவளோடு யார் பேசி ஜெயிப்பது?

மாலையில் அவளுடைய துணிகளைப் பெட்டியில் அடுக்கினேன். நாளைக்குத் தம்பி வருகிறான். அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "கம்பளி வேணாம். அவன் வீட்டுல ஜன்னலே திறக்க மாட்டாங்க" என்றாள்.  திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கடைசியிலிருந்து மூன்றாவது பெஞ்சு இப்போது முன்னாலிருந்து மூன்றாவது. அம்மா ஓரத்தில், அவளுக்கு இந்தப் பக்கம் நான், அதற்கடுத்துத் தம்பி. காரிலிருந்து நேராக வந்திருந்தான், சாவி கையிலேயே இருந்தது.

ஸ்பீக்கர் இல்லை. மைக் வாத்தியார் கை ஒடிந்தவர்போல் பக்கச் சுவரோரம் நின்றார். ஃபாதர் படியேறி, அரைவட்டச் சுவருக்கு முன்னால் நின்று, கொஞ்சம் தயங்கிவிட்டு, வெறும் வாயால் பேசினார். அவர் கத்தவில்லை. ஆனால் கடைசி பெஞ்சில் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தவள்கூட நிமிர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு சொல்லும் ஒரே ஒரு தடவை வந்தது.

ஜெபம் முடிந்தது. அம்மா சொன்னாள் – ஆமென். எல்லோருக்கும் முன்னால், கணீரென்று. அவளைத் தொட்டுக்கொண்டு மற்றவர்கள் சொன்னார்கள். தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான். அடுத்த ஜெபத்துக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும். நான் அவன் பக்கமே திரும்பவில்லை. திரும்பியிருந்தால் ஏதாவது சொல்லித் தொலைத்திருப்பேன்.

வெளியே வந்ததும் அம்மாவிடம் கேட்டான். "அந்த இன்னொரு சாமியார் இன்னிக்கு வரலியாம்மா?"

"நீதானே அவரைக் கூட்டிட்டு வந்து நிறுத்தினே" என்றாள். "இன்னிக்கு வயர் எட்டலியாம்."

அவன் கார் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். போகும்போது பெட்டியைத் தூக்கவில்லை. டாக்டருக்கு அவனே போன் செய்து சொல்லிக்கொள்கிறானாம்.

செப்டம்பர் 6, சனி

மலர் வந்துவிட்டது. என் கட்டுரையில் கோயில் திருப்பின கதையை எடுத்துவிட்டு, "காலத்திற்கேற்ற மாற்றங்கள் செய்யப்பட்டன" என்று ஒரே வரி போட்டிருக்கிறார் மைக் வாத்தியார். முதல் வரி "விண்ணை முட்டும் மணிக்கூண்டு". படத்தை மட்டும் வெட்ட முடியவில்லை. அதைத் தலைகீழாக அச்சடித்துவிட்டார்கள். அதாவது, சரியாக.

செப்டம்பர் 14, ஞாயிறு

புது உத்திரம் போட்டாயிற்று. பீடத்தைப் பழையபடி அந்தப் பக்கமே கொண்டுபோகலாமா என்று பூசை முடிவில் ஃபாதர் கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. மைக் வாத்தியார்கூட. மாடத்தில் நின்று பாடினால் இப்போது தன் குரல் கோயில் முழுக்கப் போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆற்றுப்பக்கக் கதவைத் திறக்க அடுத்த வாரம் தச்சர் வருகிறார். சுற்றிக்கொண்டு நடக்க வேண்டுமே என்று எல்லோரும் இப்போதே புலம்புகிறார்கள்.

அம்மாவுக்கும் ஒரு குறை. "ஈஸ்டருக்கு முன்னாடி சொன்ன அதே பிரசங்கத்தைத் திருப்பிச் சொல்றார். இப்போ முழுசா வேற கேக்குது."

தம்பி இன்றும் வந்திருந்தான். இது தொடர்ந்து நாலாவதோ ஐந்தாவதோ ஞாயிறு. அம்மாவுக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறான், என்னை ஒரு ஆள் தள்ளச் சொல்லிவிட்டான். போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்ததில் ஜெபம் முடிந்ததே தெரியவில்லை. கோயில் அமைதியான பிறகு அவன் மட்டும் தனியாக ஆமென் என்றான். பிள்ளைகள் சிரித்தன. அம்மா அவனை முழங்கையால் ஓர் இடி இடித்துவிட்டு, நேராகப் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.